சொந்தக்காரர்களுக்குக் கமிஷன் இல்லை

பக்கீர் முஹம்மதை நான் முதலில் சந்தித்தது ஒரு விசிட்டிங் கார்டு விஷயமாக. 2004-ஆம் வருஷம், சித்திரை வெயில். மரக்காணம் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்வரிசையில், பத்திர எழுத்தர் வெங்கடாசலம் வைத்திருந்த கடையில் நான் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்திருந்த புதுசு. பெருமுக்கலிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். எங்கள் வீட்டில் மட்டுமல்ல, எங்கள் தெருவிலேயே பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. எங்கள் அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கியவர். அந்த அடுத்தவர்களின் நிலமெல்லாம் இப்போது நான்கெல்லையோடு என் விரல் வழியாகத்தான் போய் வந்தது.

பாய் ஒரு டி.வி.எஸ். ஃபிப்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். ஒல்லியான ஆள், கட்டம் போட்ட கைலி, சட்டைப் பையில் மடித்து வைத்த தொப்பி. பல வருஷம் உப்பளத்தில் ஒரு வியாபாரியிடம் லோடு ஏற்றும் மேற்பார்வை பார்த்தவர். ஈ.சி.ஆர். ரோடு அகலமாகி, மெட்ராஸ்காரர்கள் காரில் வந்து இறங்கி, “இந்தத் தோப்பு விலைக்கு வருமா” என்று கேட்க ஆரம்பித்த பிறகு தரகுக்கு வந்திருந்தார். மற்ற தரகர்களெல்லாம் கார்டில் ‘ரியல் எஸ்டேட் கன்சல்டன்ட்’ என்று போட்டுக்கொண்டிருந்த காலம். இவர் அது வேண்டாம் என்றார். பெயர், ஊர், போன் நம்பர், அதற்குக் கீழே ‘நிலத் தரகர்’. அதற்கும் கீழே இரண்டு வரி சொன்னார்: ‘இரு தரப்பிலும் இரண்டு சதவீதம் மட்டும். சொந்தக்காரர்களுக்குக் கமிஷன் இல்லை.’

வெங்கடாசலம் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். “ஏன் பாய், சம்பளத்த எவனாவது சட்டையில எழுதி ஒட்டிக்கினு சுத்துவானா?”

“எழுதிட்டா பேரம் பேச மாட்டாங்க இல்ல.”

“மரக்காணத்துல பாதிப் பேரு உனக்குச் சொந்தம். யார்கிட்டதான் வாங்குவ?”

“மீதிப் பாதி எதுக்கு இருக்குது?” என்றார் பாய்.

அன்றைக்கே என் படிப்பை விசாரித்துக்கொண்டார். அதற்குப் பிறகு என் பெயரை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. நான் அவருக்கு ‘பி.காம்’.

தொழிலின் உள்விஷயம் அந்தக் கடையில் உட்கார்ந்தால் யாருக்கும் சீக்கிரம் பிடிபட்டுவிடும். பத்திரத்தில் விற்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர். அந்த இருவரையும் ஒரே மேஜைக்குக் கொண்டுவர நடுவில் ஐந்தாறு பேர். மெட்ராஸில் பார்ட்டியைப் பிடிப்பவர் ஒருவர். அவர் கீழ்புத்துப்பட்டு தெய்வசிகாமணிக்குப் போன் போடுவார். தெய்வசிகாமணி எங்கள் ஊரில் நிலம் தெரிந்த ஒருவரிடம் சொல்லுவார். அவருக்கு நிலத்துக்காரரைத் தெரிந்த இன்னொருவர் இருப்பார். வாங்குபவர் தரும் இரண்டு சதவீதமும் விற்பவர் தரும் இரண்டு சதவீதமும் இத்தனை கைகளுக்கும் பிரிந்து போக வேண்டும். பார்ட்டியைக் காட்டிவிட்டவருக்கு, நிலத்தைக் காட்டிவிட்டவருக்கு, வெறும் போன் நம்பர் கொடுத்தவருக்குக்கூட ஷேர் உண்டு. பதிவு முடிந்ததும் சவரிமுத்து டீக்கடையில் நின்றுதான் பிரிப்பார்கள். ஒரு தடவை சவரிமுத்துவே கல்லாவை விட்டு இறங்கி வந்து நின்றுவிட்டார். அந்த மெட்ராஸ் கார் அவர் கடையில் நிறுத்தித்தான் தோப்புக்கு வழி கேட்டதாம். கையை நீட்டி வழி காட்டியது அவர்தானாம். எல்லோரும் சிரித்தார்கள். பக்கீர் பாய் மட்டும் தன் பங்கிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கேட்டதற்கு, “கை காட்டுனவன் வாயில மண்ணப் போட்டா, நாளைக்கு வேற பக்கம் கை காட்டுவான்” என்றார்.

இதைத் தவிர இன்னொரு வழியும் இருந்தது. நிலத்துக்காரர், “எனக்குக் கையில இவ்ளோ வந்தா போதும்” என்று ஒரு விலை சொல்லுவார். தரகர் கொஞ்சம் அட்வான்ஸ் கொடுத்து, தன் பெயரில் மூன்று, நான்கு மாதத்துக்கு அக்ரிமெண்ட் போட்டுக்கொள்வார். அதற்குள் பார்ட்டியைப் பிடித்து, என்ன விலைக்கு வேண்டுமானாலும் தள்ளலாம். மேலே வருவது அத்தனையும் அவருடையது. நிலத்துக்காரர் நேராக பார்ட்டிக்கே பத்திரம் எழுதிக் கொடுத்துவிடுவார். இதை ‘மேல வச்சு விக்கிறது’ என்பார்கள். பத்திரத்தில் அரசாங்கம் வைத்த மதிப்பு மட்டும்தான் இருக்கும் என்பதால் உண்மையான விலை எழுத்தில் எங்குமே வராது. அதனால் பதிவு நாளில் இரண்டு தரப்பையும் பேசிக்கொள்ள விடாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை. விற்பவரை எங்கள் கடை பெஞ்சில் உட்காரவைப்பார்கள்; வாங்குபவரைக் காரிலேயோ டீக்கடையிலேயோ நிறுத்திவைப்பார்கள். கையெழுத்துப் போடும்போது மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொள்ளலாம்.

பாய் மேலே வைத்து விற்றதே இல்லை. கூட்டிப்போகும் பார்ட்டியிடம் நிலத்தின் குறையைத்தான் முதலில் சொல்லுவார். “போர் போட்டா உப்புத் தண்ணிதான் வரும். உறைக் கெணறு எறக்கி, மேல் தண்ணியோட நின்னுட்டீங்கன்னா சக்கரையாட்டம் இருக்கும்.” அதைக் கேட்டுத் திரும்பிப் போனவர்களும் உண்டு. அவருக்கு அது வருத்தமில்லை.

அந்த டிசம்பரின் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எல்லாம் நின்றுபோனது. கடலோரக் குப்பங்களில் நடந்ததை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுத வேண்டியவர்கள் அங்கே இருந்தவர்கள். எங்கள் கடையில் தெரிந்தது ஒன்றுதான். அதற்கு முன்னால் வந்த பார்ட்டிகள் எல்லோரும், “அங்கேர்ந்து பாத்தா கடல் தெரியுமா” என்று கேட்டார்கள். அதற்குப் பின்னால் போனில் கேட்ட ஒன்றிரண்டு பேரும், “கடல் எவ்ளோ தூரம்” என்று கேட்டு வைத்துவிட்டார்கள். போட்ட அக்ரிமெண்டுகளை அட்வான்ஸ் போனால் போகட்டும் என்று விட்டுப் போனவர்கள் உண்டு. பாய் காலையில் வந்து பெஞ்சில் உட்கார்ந்து, மதியத் தொழுகைக்கு எழுந்து போவார். மறுபடி அடித்துவைத்த கார்டு கட்டு பிரிக்காமல் எங்கள் மேஜைக்கு அடியிலேயே கிடந்தது.

அவருடைய தங்கை மெஹரூன்னிசாவை நான் பார்த்தது மறு வருஷம் ஆடி மாதம். அவருடைய கணவர் முஜீப் ரஹ்மான் சவுதியில், தம்மாமில் டிரைவர். அங்கே போன முதல் சில வருஷச் சம்பளத்தில் ஈ.சி.ஆருக்கு உள்ளே ஒரு காணி, அதாவது நூற்று முப்பத்திரண்டு சென்ட், சவுக்குத் தோப்பு வாங்கி மனைவி பெயரில் எழுதியிருந்தார். அப்புறம் வீடு கட்டினார்கள். வீடு கடனில் நின்றது. இப்போது முஜீபுக்குச் சர்க்கரை வந்து, காலில் ஒரு புண் ஆறாமல் இருந்தது. அதோடு லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். தோப்பை விற்று, கடனை அடைத்து, பஜாரில் ஒரு மளிகைக் கடை எடுக்கிற அளவுக்கு மிஞ்சினால் அவர் விசாவை முடித்துக்கொண்டு வந்துவிடுவார். அந்த அம்மாளுக்கு வேண்டியது அவ்வளவுதான். தோப்பின் விலை என்பது அவர் ஊர் திரும்புவாரா மாட்டாரா என்பது.

அண்ணனிடம்தான் வந்தார். எங்கள் கடை வாசலில் நின்று பேசினார்கள்.

“கடைக்கும் சேத்து வருமாண்ணே?”

பாய் உண்மையாகவே யோசித்துச் சொன்னார். அவர் கைக்குப் பார்ட்டி வந்தே மாதக்கணக்காகிறது. கடல் பக்கம் என்றாலே ஆள் ஓடுகிறான். சென்ட் மூன்றாயிரம் கேட்டால் பெரிசு, நாலாயிரம் வந்தால் அல்லா கொடுத்தது. நாலாயிரத்துக்குக் கடன் அடையும். கடை வராது.

“அப்ப இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்லவேண்டிதான்” என்றார் அந்த அம்மாள். அவர் போன பிறகும் பாய் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

அவருக்கு வேறொரு சங்கடமும் இருந்தது. தங்கை நிலத்தைத் தானே விற்றுக்கொடுத்தால் கமிஷன் வாங்க முடியாது, கார்டிலேயே போட்டாகிவிட்டது. கார்டு இல்லாவிட்டாலும் வாங்கமாட்டார். ஆனால் அவர் வீட்டிலும் மாதக்கணக்காகக் காசு வரவில்லை. வாங்காமலே செய்துகொடுத்தாலும், ‘கூடப் பிறந்தவள் நிலத்திலேயே அடிச்சான் பாரு’ என்று பஜாரில் நாலு பேர் பேசுவார்கள். இதற்கு எங்கள் பக்கத் தரகர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். சொந்தக்காரர் நிலத்தை இன்னொரு தரகர் கையில் கொடுத்துவிடுவது. அவர் விற்பார். வாங்குபவரிடம் அவருக்கு வரும் கமிஷனில், நிலத்தைக் காட்டிவிட்டவர் என்ற முறையில் நமக்கு ஒரு ஷேர் வரும். அது பார்ட்டியின் காசு, சொந்தக்காரர் காசு அல்ல. கையும் சுத்தம், வயிறும் காயாது. பாய் தெய்வசிகாமணிக்குப் போன் செய்தார்.

தெய்வசிகாமணி சுமோவில் வந்தார். வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. யாரையும் வாங்க போங்க என்றுதான் சொல்லுவார். தோப்பைப் பார்த்தார். அந்த அம்மாளிடம், எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டார். அண்ணன் சொன்ன நாலாயிரத்தையே அவர் சொன்னார். தெய்வசிகாமணி ஒரு ரூபாய் குறைக்கச் சொல்லவில்லை. அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்தார். அவர் பெயரிலான அக்ரிமெண்ட்டை நான்தான் டைப் செய்தேன். இத்தனை பிசிறில்லாமல் ஒரு நிலம் முடிந்ததே இல்லை என்று வெங்கடாசலமே சொன்னார். அட்வான்ஸ் பணம் அந்த வாரமே வீட்டுக் கடனுக்குப் போய்விட்டது.

இடையில் ஒருநாள் நான் பாயிடம் கேட்டேன்: தெய்வசிகாமணி என்ன விலைக்குப் பேசிக்கொண்டிருக்கிறார்?

பாய் என்னை ஏதோ தகாததைக் கேட்டவனைப் போலப் பார்த்தார். “கை மாத்திக் குடுத்துட்டா அப்புறம் ரேட்டக் கேக்கக் கூடாது பி.காம். பொண்ணக் கட்டிக் குடுத்த வூட்ல போயி சோத்துப் பானையைத் தொறந்து பாக்கறா மாதிரி அது.”

அது அவர் மட்டும் சொல்வதில்லை. அவர்கள் எல்லோருக்கும் அதுதான் சட்டம். கேட்டால், உன்னை நம்பவில்லை என்று அர்த்தம். நம்பாதவனுக்கு அடுத்த பார்ட்டி வராது.

கார்த்திகையில் பதிவு வைத்தார்கள். அந்த வருஷ மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். உப்பளம் எது, கழுவெளி ஏரி எது என்று தெரியாமல் ஒரே தண்ணீர். பாத்தி வரப்புகள் கரைந்து, மூடிவைத்திருந்த உப்புக் குவியல்கள் ஓலைக்குள்ளேயே இளைத்துப்போயின. பதிவு அன்று காலையில் சவரிமுத்து டீக்கடைக்குள் முழங்கால் தண்ணீர். சுமோ பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பள்ளத்தில் நின்றுபோய், தெய்வசிகாமணி ஆட்களோடு தள்ளிக்கொண்டிருந்தார். பார்ட்டியின் கார் எங்கள் கடையை ஒட்டி நின்றது. காருக்குள் குழந்தை அழுதது. அதைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண், சேலை முந்தானையால் அதன் தலையை மூடியபடி எங்கள் கடைக்குள் ஓடிவந்தாள். பெஞ்சில் மெஹரூன்னிசா உட்கார்ந்திருந்தார். நகர்ந்து இடம் கொடுத்தார்.

அந்தப் பெண்ணின் பெயர் நிவேதா என்பது பத்திரத்தால் எனக்குத் தெரியும். பெஞ்சில் இருந்தவர் யார் என்று அவளுக்குத் தெரியாது. மழையைப் பற்றிப் பேசினார்கள். குழந்தையின் சளியைப் பற்றிப் பேசினார்கள். மெஹரூன்னிசா தன் புர்காவின் நுனியால் குழந்தையின் காலைத் துடைத்துவிட்டார். எதற்காக இந்த மழையில் வந்தீர்கள் என்று கேட்டார்.

“இடம் வாங்கறோங்க. கடல் பக்கம் வேணாம்னு எங்கம்மாகூட சொன்னாங்க. இவருதான் கேக்கல. சென்ட் ஒம்பதாயிரத்துக்கு இப்ப கிடைக்குது, அடுத்த வருஷம் இந்த வெலைக்குக் கிடைக்காதுன்றாரு.”

“எந்தப் பக்கங்க?”

“ரோட்டுலேர்ந்து உள்ள போனா ஒரு சவுக்குத் தோப்பு. மூலையில பாழுங்கெணறு, பக்கத்துல ரெட்டைப் பனமரம். யாரோ துபாய்க்காரர் இடமாம்.”

நான் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டேன். மெஹரூன்னிசா குழந்தையின் காலை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தார்.

“துபாய் இல்ல” என்றார். “சவுதி.”

பாய் எதிரே பதிவு அலுவலகத் தாழ்வாரத்தில், வரிசையில் இடம் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மெஹரூன்னிசா மழையிலேயே இறங்கி ரோட்டைக் கடந்து போனார். குடையை எடுத்துக்கொண்டு நானும் போனேன். அங்கே கூட்டம். ஆனால் அவர் குரலை உயர்த்தவில்லை.

“ஒம்பதாயிரத்துக்கு வித்திருக்குதாம்ண்ணே. ஒனக்குத் தெரியுமா?”

பாய்க்கு முதலில் புரியவில்லை. புரிந்த பிறகு முகம் சாம்பலாகிவிட்டது. “அல்லா மேல ஆணையா தெரியாதும்மா.”

“தெரியாம இருந்தியா, கேக்காம இருந்தியா?”

பாய் வரிசையை விட்டுத் தாழ்வாரத்து ஓரமாக நகர்ந்தார்.

“ஒம்பதுன்னா அவரு வந்திருப்பாரு” என்றார் தங்கை. அவ்வளவுதான். பிறகு என் பக்கம் திரும்பி, கையெழுத்துப் போடாவிட்டால் என்ன ஆகும் தம்பி என்று கேட்டார். அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் கோர்ட்டுக்குப் போகலாம் என்று சொன்னேன். “அது செலவாயிடுச்சே” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பெயர் கூப்பிட்டதும் உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டார். கைரேகை வைத்த விரலைத் துடைக்கக்கூட நிற்கவில்லை. மீதிப் பணத்தை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, மழையோடு நடந்து போனார்.

தெய்வசிகாமணி சாயங்காலம் எங்கள் கடைக்கு வந்தார். டீக்கடையில் தண்ணீர் வடியாததால் பிரிப்பதெல்லாம் அன்றைக்கு எங்கள் பெஞ்சில்தான். ஒரு கவரை நீட்டினார். பாயின் கை தானாக நீண்டு வாங்கிக்கொண்டது. எத்தனை வருஷப் பழக்கம். கைக்கு வந்த பிறகுதான் கனம் தெரிந்தது. வாங்குபவரின் இரண்டு சதவீதத்தில் பாதி என்றால் இத்தனை வராது. ஐம்பதாயிரம் இருந்தது.

“இது எதுலேர்ந்து?” என்று கேட்டார் பாய்.

“நல்ல வெலைக்குப் போச்சு பாய். ஒங்களுக்கும் நல்லதா செய்யணும் இல்லையா.”

“அது எந் தங்கச்சி.”

“நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவங்க கேட்ட ரேட்டுக்கு ஒரு ரூவா கொறைக்கல. சொன்ன தேதிக்கு முடிச்சுக் குடுத்திருக்கேன். இது தொழில்.” அவர் குரலில் கோபமோ ஏளனமோ இல்லை. தப்பு செய்ததாக அவர் நினைக்கவே இல்லை என்பதுதான் விஷயம். தொழிலின் கணக்குப்படி அவர் தப்பு செய்யவும் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து வந்த பாய் என்னைக் கூப்பிட்டார். தங்கை வீட்டுக்கு வா என்றார். “நீ படிச்சவன். அக்ரிமெண்ட்ட அடிச்சவனும் நீதான். நீ எடுத்துச் சொன்னா நம்பும்.”

மெஹரூன்னிசா எங்களை உட்காரச் சொன்னார். மகள் ஃபாயிசா இரண்டு டம்ளர் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, மாமனைப் பார்க்காமல் உள்ளே போனாள். நான் சொன்னேன். அக்ரிமெண்ட் என்றால் என்ன, அதை வைத்து இடையில் உள்ளவர் எப்படி அதிக விலைக்குத் தள்ளலாம், அது சட்டத்துக்கு எப்படிப் பொருந்தும், பாய் கையில் விலை விவரம் வர எப்படி வழியே இல்லை, எல்லாவற்றையும் ஒழுங்காக, அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். நான் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. அவர் கடைசிவரை கேட்டுக்கொண்டார்.

“எல்லாம் சரியாதான் சொல்றீங்க தம்பி” என்றார்.

பாய் கவரை எடுத்து அவர் முன்னால் வைத்தார். அவர் அதைத் தொடவில்லை.

“எடுத்துட்டுப் போண்ணே. இத நான் வாங்குனா கணக்கு தீந்துடும்.”

“தீரட்டும்மா.”

“தீரக் கூடாது” என்றார்.

டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. நாங்கள் எழுந்து வந்துவிட்டோம்.

திரும்பும் வழியில் பள்ளிவாசலில் போட்டுவிடுங்களேன் என்று சொல்லிப் பார்த்தேன். இது எனக்கு ஹலாலா ஹராமா என்று எனக்கே தெரியவில்லை, இதைப் போய் அங்கே போடுவதா என்றார். மறுநாள் கீழ்புத்துப்பட்டுக்கே போய்த் தெய்வசிகாமணியிடம் நீட்டினார். அங்கேதான் பாயின் தொழில் முடிந்தது. தரகர்களுக்குள் ஷேரைக் குறைத்துக் கொடுப்பார்கள், இழுத்தடிப்பார்கள், சண்டை போடுவார்கள். வாங்கிய ஷேரைத் திருப்பிக் கொடுத்தவர் யாரும் கிடையாது. திருப்பிக் கொடுத்தால் அந்த வியாபாரமே களவு என்று ஊருக்குச் சொன்ன மாதிரி. தெய்வசிகாமணி வாங்க மறுத்துவிட்டார். “இத நான் வாங்குனா நான் திருடன்னு ஆவுது பாய். நான் என்ன திருடுனேன், நீங்களே சொல்லுங்க.” பாய் அதே கவரோடு திரும்பி வந்தார்.

இந்தச் செய்தி கிளியனூர் வரைக்கும் போனது. அவரவர் வசதிக்கு ஏற்றபடி போனது. பஜாரில், பாய் தங்கச்சி நிலத்தில் லட்சக்கணக்கில் அடித்துவிட்டார் என்று பேசினார்கள். அட்வான்ஸ் நாளிலிருந்தே கூட்டு என்றார் ஒருவர். கமிஷன் இல்லை என்று கார்டு போட்டதே இதற்குத்தான் என்றார் இன்னொருவர். தரகர்கள் வேறு விதமாகப் பேசினார்கள்: நாளைக்கு நம் வியாபாரத்தையும் இந்த ஆள் நடுரோட்டில் கொண்டுவந்து வைப்பார். மறு வருஷம் தையில் மெட்ராஸ் கார்கள் மறுபடியும் வரிசையாக வர ஆரம்பித்தன. கடல் எவ்வளவு தூரம் என்று யாரும் கேட்கவில்லை. கடல் தெரியுமா என்று பழையபடி கேட்டார்கள். தோப்புகளெல்லாம் கல் நட்டு மனையாகின. பாய்க்கு மட்டும் ஒரு போன் வரவில்லை. சவரிமுத்துகூட அவர் பக்கம் கை காட்டவில்லை. பெஞ்சின் ஓரத்தில் வந்து உட்காருவார். பத்திரம் எழுத வந்த மற்ற தரகர்கள் அவரைக் கண்டால் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். ஒருநாள் வெங்கடாசலம் பொறுக்கமாட்டாமல் கேட்டார்.

“ஏன் பாய், அன்னிக்கு ஒரு வார்த்த ரேட்டக் கேட்டிருந்தா என்ன?”

“கேட்டிருந்தா அவன் என்ன நினைச்சிருப்பான்னு பாத்தேன்” என்றார் பாய். எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டே, “எந் தங்கச்சி என்ன நினைக்கும்னு பாக்கல” என்றார்.

மாசி மாதம் முஜீப் ரஹ்மான் லீவில் வந்தார். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் இடது காலில் இரண்டு விரலை எடுத்தார்கள். பாய் பார்க்கப் போனார். முஜீப் நல்ல மாதிரி. மச்சானை உட்காரவைத்து, தம்மாம் வெயிலைப் பற்றியும் விசா கொடுத்த முதலாளியான புது கஃபீலைப் பற்றியும் பேசினாராம். தோப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மெஹரூன்னிசா அண்ணன் இருந்த நேரம் முழுக்க வராந்தாவில் நின்றிருந்தாராம். புண் காய்ந்ததும் முஜீப் புது செருப்பு ஒன்று வாங்கிக்கொண்டு மறுபடியும் விமானம் ஏறினார். லாரி வேண்டாம் என்று, அங்கே ஒரு வீட்டுக் கார் ஓட்டுகிறார்.

விமானம் போன மறுநாள் பாய் அந்தக் கவரை எங்கள் கடைக்குக் கொண்டுவந்து வெங்கடாசலத்திடம் கொடுத்தார். வீட்டில் வைத்திருக்க முடியவில்லை, கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது, என்றைக்காவது தங்கச்சி வந்து கேட்டால் கொடுத்துவிடுங்கள் என்றார். பீரோவில் பழைய முத்திரைத்தாள்களுக்கு அடியில் இருக்கிறது. யாரும் வந்து கேட்கவில்லை.

பக்கீர் முஹம்மது இப்போது உப்பளத்துக்கே திரும்பிவிட்டார். இந்த வருஷம் பாத்தி கட்டி உப்பு எடுக்கத் தொடங்கியதிலிருந்து, பழைய வியாபாரியின் மகனிடம் லாரிக்கு மூட்டை எண்ணிவிடும் வேலை. தினக்கூலி. நேற்றுகூட யாரோ காரை அங்கே நிறுத்தி, இந்தப் பக்கம் இடம் விலைக்கு வருமா என்று கேட்டிருக்கிறார்கள். தெரியாதுங்க என்று சொல்லிவிட்டாராம்.